தரங்கம்பாடிக்கு ஒரே ஒரு வண்டி

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்குச் சென்ற மீட்டர் கேஜ் கிளைப் பாதையின் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதை மாதிரி ரயில் பாதையாக 87 மடங்கு சுருக்கினாலும் 345 மீட்டர் வரும். எங்கள் அடுக்ககத்தின் வாசலில் தொடங்கினால் பெட்ரோல் பங்க் வரைக்கும் தண்டவாளம் போட்டாக வேண்டும். எனக்குக் கிடைத்ததோ, மகள் திருமணமாகிப் போன பிறகு காலியான அறையில் ஒரு சுவர்; அதன் நீளம் 3.6 மீட்டர், சுவரிலிருந்து பலகை நீட்டிக்கொள்ள மனைவி அனுமதித்த அகலம் 45 சென்டிமீட்டர். ஆகவே மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் எல்லாவற்றையும் மனத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, பாதை முடிகிற தரங்கம்பாடி நிலையத்தை மட்டும் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

1926இல் திறக்கப்பட்டு 1986இல் நின்றுபோன பாதை அது. எட்டு வயதில், தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகத் திருக்கடையூருக்கு அந்த வண்டியில் போயிருக்கிறேன். அபிராமி சந்நிதியைவிட, கண்ணில் விழுந்த கரித்தூளை அம்மா முந்தானை நுனியால் எடுத்துவிட்டதுதான் நன்றாக நினைவிருக்கிறது. நினைவை வைத்துக்கொண்டு தண்டவாளம் போட முடியாது. நிலையத்தை அளந்து அப்படியே பெயர்த்து வைத்ததாகவும் நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு கிளைப் பாதையின் கடைசி நிலையத்துக்கு வேண்டிய உறுப்புகள் எவை என்று யோசித்து, அவற்றைக் கொண்டு நானே வரைந்த அமைப்பு இது: ஒரு பிளாட்ஃபாரம், எஞ்சின் சுற்றி வருவதற்கு ஒரு லூப், நெல் மூட்டை ஏற்ற ஒரு சைடிங், தடம் பிரியும் இடங்களில் மூன்று பாயிண்டுகள், இரண்டு கைகாட்டிகள்.

இதற்கு முன்பு நான் கட்டியது ஒரு வட்டப் பாதை. எட்டடிக்கு நான்கடி ஒட்டுப்பலகையில் வண்டி ஓயாமல் சுற்றியது. பார்க்க வந்த குழந்தைகள் பத்து நிமிடம் கைதட்டினார்கள், பதினொன்றாவது நிமிடம் தொலைக்காட்சிக்குப் போய்விட்டார்கள். நானும் அதற்குச் சற்றுப் பிறகு போய்விட்டேன். எங்கும் நிற்காத, யாரையும் ஏற்றாத, எதற்கும் காத்திராத வண்டியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடித்தான் கிளைப் பாதைக்கு வந்தேன்.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மீட்டர் கேஜில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர்; 87ஆல் வகுத்தால் 11.5 வரும். கடைகளில் கிடைப்பது 12 மி.மீ. பாதை. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலைப்பாதைகளைச் செய்பவர்களுக்காக ஐரோப்பாவிலும், தங்கள் நாட்டின் 1,067 மி.மீ. பாதையைச் செய்பவர்களுக்காக ஜப்பானிலும் இந்த அளவில் எஞ்சின்களும் பெட்டிகளும் விற்கின்றன. அரை மில்லிமீட்டர் பிழையைக் கண்டுபிடிக்கும் கண் எனக்கு இல்லை. தண்டவாளத்தின் உயரப் பிழையைக் கண்டுபிடிக்கும் கண் இருக்கிறது. நம் மீட்டர் கேஜ் கிளைப் பாதைகளில் கெஜத்துக்கு 41¼, 50, 60 பவுண்டு எடையுள்ள மெலிந்த தண்டவாளங்கள்தாம் வழக்கம். வழக்கமான மாதிரித் தண்டவாளமோ 1.9 மி.மீ. உயரம், அதாவது நிஜத்தில் 16 சென்டிமீட்டருக்கும் மேல். கிராமத்துக் கிளைப் பாதையில் அதைப் போட்டால் ஒட்டடைக்குச்சிக்கு மூங்கில் கழி செருகியது போலிருக்கும். ஆகவே 1.4 மி.மீ. உயரமுள்ள தண்டவாளத்தைத் தனியாக வாங்கி, மூங்கில் சீவல்களைக் கட்டைகளாக வெட்டி ஒட்டி, நான்கு கட்டைக்கு ஒன்றாகச் செப்புத்தகடு பதித்த பட்டையை வைத்து அதில் ஈயப்பற்று வைத்தேன். மூன்று பாயிண்டுகளுக்கு மட்டும் நான்கு மாதம் பிடித்தது.

தரைக்காட்சிதான் எதிர்பாராத தொல்லையைக் கொடுத்தது. உலகில் பெரும்பாலான மாதிரி ரயில் பாதைகளில் வண்டி ஒரு குன்றுக்குள் அல்லது மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்து மறைந்துவிடும். மறைவுக்கு அப்பால் ஒளிவிடம் ஒன்று இருக்கும். அதுவே உலகத்தின் மற்ற ஊர்கள் எல்லாம். காவிரி டெல்டாவில் குன்றுக்கு எங்கே போவது? அங்கே தரை பாய் விரித்தது போலக் கிடக்கிறது. வண்டி வருவது அரை மணிக்கு முன்பே புகையால் தெரிந்துவிடும். பிளாட்ஃபாரத்தின் மறுமுனையில், பாதை சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தை மறைக்க நான் செய்து பார்த்துக் கலைத்தவை பல. கடைசியில் ஒரு லெவல் கிராசிங்கும் அதையொட்டி வரிசையாகப் புளியமரங்களும், எதிர்ப்பக்கம் ஒரு மூங்கில் புதரும், இரண்டு வைக்கோல் போரும் கைகொடுத்தன. எதிரே நின்று பார்ப்பவருக்கு வண்டி மரங்களுக்குப் பின்னால் போகிறது, அவ்வளவுதான். அந்த மரங்களுக்குப் பின்னால், கதவு நிலையின் குறுக்கே கழற்றி மாட்டக்கூடிய 1.2 மீட்டர் பலகையில்தான் மாயவரம் ஜங்ஷன் இருக்கிறது.

வயல் தண்டவாளத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதையும் வெகுகாலம் நான் கவனிக்கவில்லை. வெள்ளத்துக்குப் பயந்து டெல்டாப் பாதைகளை மண்மேட்டின் மீது போட்டார்கள்; இரு பக்கமும் வயல், அடிக்கொரு வாய்க்கால், வாய்க்காலுக்கு ஒரு சிறு பாலம். தட்டையான பலகையின் மீது மேடு எழுப்புவதைவிட, பாதைக்கு மட்டும் பலகை வைத்து, வயலை இரண்டரை சென்டிமீட்டர் கீழே தொங்கவிடுவது எளிது. நான் அதை ஒரு முறை கட்டி முடித்த பிறகே தெரிந்துகொண்டேன் என்பதால், முன்பக்கத்து வயல் முழுவதையும் ரம்பத்தால் அறுத்து எடுக்க நேர்ந்தது.

பனைமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாதிரி செய்பவர்கள் எல்லோரும் மரத்தைக் குட்டையாக்கிவிடுகிறார்கள். அலமாரிக்குள் அடங்க வேண்டுமே என்ற கவலை. 20 மீட்டர் பனை, இந்த அளவில் 23 சென்டிமீட்டர், ஒரு சாண். என்னிடமுள்ள நீளமான போகிப் பெட்டியும் ஏறத்தாழ ஒரு சாண்தான். பெட்டியைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தினால் பனையின் உயரம் வர வேண்டும். அப்படி ஒன்பது மரங்களை நட்ட பிறகு, வண்டி திடீரென்று சிறுத்து, வானம் பெரிதாகி, ஊர் தன் அளவுக்கு வந்து சேர்ந்தது. டேனியர்கள் 1620இல் எழுப்பத் தொடங்கிய கோட்டையைப் பின்திரையில் வரையச் சொல்லிப் பலரும் கேட்டார்கள். வரையவில்லை. வரைந்தால் எல்லோருடைய கண்ணும் அங்கேயே போய்விடும். என் நிலையம் கோட்டைக்கு வழிகாட்டும் பலகையாகிவிடும்.

காலத்தை 1968 தை மாதம் என்று வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு மாதத்தை முடிவு செய்துவிட்டால் நூறு சிறு கேள்விகளுக்குத் தானாகவே விடை கிடைத்துவிடுகிறது. சம்பா பாதி அறுவடையாகியிருக்கும். ஆகவே வயலில் பாதி பொன்னிறம் (தேங்காய் நார் மிதியடியிலிருந்து கத்தரித்தது), பாதி அறுத்த நெல்தாள். மேட்டூரை மூடும் வழக்கமான நாள் ஜனவரி 28 என்பதால் வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஓடும். மூன்றாம் வகுப்பு 1974இல்தான் ஒழிந்தது. பெட்டிகளின் பக்கவாட்டில் மூன்று என்ற எண் இருக்க வேண்டும். மாயவரம் என்று பேச்சில் வழங்கும் மாயூரம் மயிலாடுதுறை ஆனது 1982இல். பயணச்சீட்டில் பழைய பெயர்தான். மஞ்சள் பெயர்ப்பலகையில் இந்தி எழுத்துகளின் மேல் தார் பூசியிருக்கிறேன். 1965க்குப் பிறகு தமிழ்நாட்டு நிலையம் ஒன்றைச் செய்கிறவன் அதைச் செய்யாமல் விட்டால் படம் பொய்யாகிவிடும்.

எஞ்சின் ஒன்றே ஒன்றுதான். மெலிந்த தண்டவாளமுள்ள கிளைப் பாதைகளுக்கென்றே, அச்சுக்கு 8 டன்னுக்கு மேல் சுமை ஏறாதபடி வடிவமைக்கப்பட்ட ஒய்.எல். வகை, முன்னே இரண்டு, நடுவே ஆறு, பின்னே இரண்டு சக்கரங்கள். இந்த வகையைக் கடையில் வாங்க முடியாது. பழைய ஜப்பானிய எஞ்சின் ஒன்றின் அடிப்பாகத்தின் மேல், முப்பரிமாண அச்சில் எடுத்த உடலைப் பொருத்தினேன். சக்கரங்கள் சற்றே பெரியவை. வேகமாக ஓடினால் தெரியும், நான் வேகமாக ஓட்டுவதில்லை. புகை விடும் கருவியை ஒரு வாரம் வைத்திருந்தேன். அந்த எண்ணெய்ப் புகை தண்டவாளத்தின் மீது படிந்து, மின்சாரத்தைத் தடுத்து, வண்டி அடிக்கொரு தரம் நொண்டியதுதான் மிச்சம்; கழற்றிவிட்டேன். ஈரக்காற்றே போதிய கெடுதல் செய்கிறது. ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பாதை முழுவதையும் துடைக்க வேண்டியிருக்கிறது. கேங்மேன் வேலையும் என்னுடையதே.

இனி ஓட்டம். ஒரு வண்டி மட்டும் நடமாடும் கிளைப் பாதைகளுக்கு ரயில்வே பொதுவிதிகளில் ஓர் எளிய முறை உண்டு: பாதைக்கு ஒரே ஒரு கோல், அது டிரைவர் கையில் இருந்தால்தான் வண்டி புறப்படலாம், கோல் ஒன்று என்பதால் வண்டியும் ஒன்றே. டோக்கன் கருவிகளும் மணிச் செய்திகளும் வேண்டாம். நான் இதைத் தேர்ந்ததற்கு முதல் காரணம் பணம். பிறகு அதுவே இந்த மாதிரியின் உயிராகிவிட்டது. பித்தளைக் கம்பி ஒன்றில் இரு ஊர்ப் பெயர்களையும் பொறித்துக் கொக்கியில் மாட்டியிருக்கிறேன். அதைக் கையில் எடுக்காமல் மின்விசையைத் திருப்புவதில்லை என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட விதி.

காலையில் ஒரு மிக்ஸட் வண்டி வரும்: மூன்று பயணிகள் பெட்டி, பின்னால் இரண்டோ மூன்றோ சரக்கு வேகன், கார்டு வேன். நிஜத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் என் அளவில் நொடிக்கு ஒன்பதரை சென்டிமீட்டர். புளியமரத்திலிருந்து பிளாட்ஃபாரத்தின் கடைசி வரை ஊர்ந்து வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பயணிகள் இறங்கிய பிறகு எஞ்சின் கழன்று, முன்னே பாதை முடியும் டெட் எண்ட் வரை போய், பாயிண்ட் மாறி, லூப் வழியாகப் பின்னோக்கிச் சுற்றி வந்து, வாலில் நிற்கும் வேன், வேகன்களைப் பிரித்துச் சைடிங்கில் தள்ளி, அங்கே நெல் ஏற்றி நிற்பவற்றை இழுத்து, மறுபடி தொடுத்து, திரும்புவதற்கு டர்ன்டேபிள் இல்லாத காரணத்தால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரை முன்னே விட்டுக்கொண்டு மாயவரம் போக வேண்டும். எந்த வேகன் எங்கே போக வேண்டும் என்பதை ஒவ்வொன்றுக்கும் எழுதிய அட்டை சொல்லும். பேரன் விடுமுறைக்கு வந்தால் அட்டைகளைக் கலைத்துப் போடுவது அவன் வேலை. உரம் ஏற்றிய வேகனைத் தாத்தா மூன்று நாளாக இறக்கவில்லை என்று புகார் எழுதுவதும் அவனே.

இந்த எஞ்சின் சுற்றி வருவதில்தான் என் பெரிய தவறு வெளிப்பட்டது. எஞ்சினும் டெண்டரும் சேர்ந்து 18 சென்டிமீட்டர். பாயிண்டுக்கு அப்பால் நான் விட்டிருந்த டெட் எண்ட் 17 சென்டிமீட்டர். காகிதத்தில் வரைந்தபோது டெண்டரின் கொக்கியைக் கணக்கில் சேர்க்கவில்லை. பாதை முழுவதும் ஜல்லி ஒட்டி, நிறம் தீட்டி முடித்த பிறகு, கடைசிச் சக்கரம் பாயிண்ட் நாக்கின் மீதே நிற்பதைப் பார்த்தேன். பலகையின் முனையை வெட்டி இரண்டு அங்குலம் நீட்டினேன். அந்த ஒட்டு இன்றும் தெரிகிறது.

ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் எங்கள் குடியிருப்பிலேயே இருப்பது பிறகுதான் தெரிய வந்தது. முதல் நாள் பார்த்துவிட்டு, மரங்களைப் பற்றியோ கட்டடங்களைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை. "என்ன சார் இது, ஷண்டிங்ல இந்த வேகம் போறீங்க? பாயிண்ட்ஸ்மேன் கூடவே நடந்து வரணும் சார், ஓடக் கூடாது" என்றார். நடந்து வருபவனை முந்தாத வேகம் என்பது என் அளவில் நொடிக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். மோட்டார் அந்த வேகத்தில் திணறியதால் பற்சக்கரங்களை மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த முறை, வண்டியைத் தொடுத்த உடனே நான் கிளம்பியதைப் பார்த்து, "வேக்கும் ஏற வேண்டாமா?" என்று கேட்டார். பிரேக் குழாய்களை மாட்டி, எஞ்சின் அத்தனை பெட்டிகளிலிருந்தும் காற்றை உறிஞ்சி, கார்டு வேனில் முள் நகர்ந்து நின்ற பிறகுதான் பச்சைக் கொடி. இப்போது வண்டி தொடுத்ததும் கைகடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் சும்மா நிற்கிறேன். பார்க்க வருபவர்களுக்கு இது விளங்குவதில்லை. ஏதாவது பழுதா என்று கேட்பார்கள். அந்த மூன்று நிமிடத்தில்தான் அவர்கள் கண் எஞ்சினை விட்டு விலகி, சிமெண்டு பெஞ்சில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் கிழவியையும், தொங்கும் தண்டவாளத் துண்டு மணியையும், சிவப்பு வாளிகளையும் பார்க்கிறது.

மின்வெட்டு வந்தால் வண்டி வாய்க்கால் பாலத்தின் மீதே நின்றுவிடும். அதை எஞ்சின் ஃபெயிலியர் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன்.

சென்ற வாரம் முதல் முறையாக ஒரு நாள் அட்டவணை முழுவதையும், போக இரண்டு வர இரண்டு, தடம் புரளாமல் ஓட்டி முடித்தேன். கார்டுதான் சாட்சி. பதிவேட்டை அவர் முன் நீட்டிக் கையெழுத்துக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிளாட்ஃபாரத்தில் நின்ற வண்டியின் வால் பக்கம் குனிந்து பார்த்தார். "டெயில் லேம்ப் எங்கே சார்? கடைசிப் பெட்டியில விளக்கு இல்லேன்னா, நடுவுல அறுந்து பாதி வண்டி ஆக்கூர்லயே நிக்குதான்னு ஸ்டேஷன் மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? முழு வண்டி வந்ததா நான் எழுத முடியாது" என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டார். ஒன்றரை மில்லிமீட்டர் சிவப்பு மணிகளுக்கு இப்போது சௌகார்பேட்டைக் கடைகளில் அலைந்துகொண்டிருக்கிறேன்.