பிளாட்டுக்கு எந்த நாய்? வீட்டை அளக்கும் முன் அதன் தொழிலைக் கேளுங்கள்

"எங்க வீடு சின்னது, அதனால சின்ன நாயா ஒண்ணு சொல்லுங்க." நாய் வளர்க்கிற ஆள் என்று தெரிந்ததும் என்னிடம் பலரும் கேட்பது இதைத்தான். போன வாரம் ஒரு நண்பரும் கேட்டார். ஐந்தாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. போனில் பேசி முடிக்கிற விஷயமாக இல்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது, அதனால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

சின்ன வீட்டுக்குச் சின்ன நாய் என்ற கணக்கே தப்பு. வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதியைத் தூங்கியே கழிக்கும், மீதியில் பெரும்பகுதி சும்மா படுத்துக்கொண்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு வீட்டுக்குள் வேண்டியது ஒரு படுக்கையும், அங்கிருந்து உங்கள் முகம் தெரிகிற ஒரு மூலையும்தான். ஓட்டமும் மோப்பமும் வெளியே நடக்க வேண்டியவை. அடுக்குமாடியில் சிக்கல் வேறு இடத்திலிருந்து வருகிறது. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், கதவுக்கு வெளியே நாள் முழுக்க ஆள் நடமாட்டம், லிப்ட் நின்று நின்று போகிற சத்தம், இதற்கெல்லாம் நடுவில் எட்டு ஒன்பது மணி நேரம் பூட்டிய வீட்டில் தனியாக இருக்கப்போகிற ஓர் உயிர். அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது என் முதல் நாய் பொன்னி. பீகிள் இனம். 40 சென்டிமீட்டருக்குள் உயரம், பத்து கிலோவும் கொஞ்சமும் எடை, தொங்கும் காது, யாரைப் பார்த்தாலும் ஆடுகிற வால். "பிளாட்டுக்கு இதைவிட நல்ல நாய் கிடையாது" என்று விற்றவர் சொன்னார், நானும் உருவத்தைப் பார்த்து நம்பினேன். மூன்றாவது வாரம் வேலை முடிந்து வந்தபோது கதவுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. "உங்கள் நாய் காலை 9 மணியிலிருந்து அழுகிறது. எங்கள் குழந்தை தூங்கவில்லை. நாய்க்கு உடம்புக்கு ஏதாவதா என்று பயமாக இருக்கிறது." பக்கத்து வீட்டு அக்கா எழுதியது. திட்டி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தக் கடைசி வரிதான் என்னை உலுக்கிவிட்டது.

மறுநாள் பழைய போன் ஒன்றில் ரெக்கார்டிங்கைப் போட்டு ஷூ அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனேன். இரவு உட்கார்ந்து கேட்டேன். நான் சாவி திருப்புகிற சத்தம், லிப்ட் கதவு மூடுகிற சத்தம், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு கதவுக்கும் தரைக்கும் இடையிலுள்ள சந்தில் மூக்கை வைத்து அவள் மோப்பம் பிடிக்கிற சத்தம், விட்டு விட்டு, அவசரமாக. மெல்ல ஒரு முனகல். அதன் பிறகுதான் அந்த நீண்ட ஊளை. எங்கள் மாடியில் லிப்ட் நிற்கும் ஒவ்வொரு முறையும் ஊளை சட்டென்று நின்றுவிடுகிறது, மூக்கு மறுபடி சந்துக்கு வருகிறது, காலடிச் சத்தம் வேறு வீட்டுக்குப் போனதும் மறுபடி தொடங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

பீகிளை மனிதர்கள் எதற்காக உருவாக்கினார்கள் என்று அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். கூட்டமாகச் சேர்ந்து முயலைத் துரத்துவதற்காக. நாய்கள் முன்னே ஓட, வேட்டைக்காரர்கள் பின்னால் நடந்து வருவார்கள், அதனால் கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்தும் காதில் விழுகிற குரல் வேண்டும். கூட்டத்தோடு இருப்பதும் உரக்கக் குரல் கொடுப்பதும்தான் அதன் தொழில். அப்படிப்பட்ட நாயைத் தனியாக, சத்தம் போடாமல் இரு என்று பூட்டிவிட்டுப் போனது நான். தப்பு பொன்னி மேல் துளியும் இல்லை.

அவளை யாருக்கும் கொடுத்துவிடவில்லை. அரை நிமிடம் வெளியே போய்த் திரும்புவது, அது பழகியதும் ஒரு நிமிடம், பிறகு மூன்று நிமிடம் என்று ஆறு மாதம் பழக்கினோம். தீனியைத் தட்டில் வைக்காமல் பழைய துண்டில் சுருட்டி வீடு முழுக்க ஒளித்து வைத்தோம், மூக்குக்கு வேலை கிடைத்தால் அவள் மனசு அடங்கியது. வாக்கிங்கிலும் வேகத்தை விட்டுவிட்டு, ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் நின்று முகர வேண்டுமா, முகரட்டும் என்று விட்டோம். சில நாள் அந்த அக்காவே அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடம் எங்களோடு இருந்தாள். ஆனால் அந்த ஆறு மாதம் அவள் பட்டது தேவையே இல்லாத கஷ்டம், நான் முன்பே கேட்டுத் தெரிந்திருக்க வேண்டியது.

அதனால் எந்த இனத்தைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் பார்ப்பது அதன் தொழிலை. ஜாக் ரஸ்ஸல் டெரியர் மடியில் அடங்கிவிடும் அளவுதான், ஆனால் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் நரியை வளையிலிருந்து வெளியே துரத்துவதற்காக வளர்த்தெடுத்த வம்சம் அது, நாள் முழுக்க ஓயாது. டாஷண்ட் என்ற ஜெர்மன் பெயருக்கே வளைக்கரடி நாய் என்றுதான் அர்த்தம், வளைக்கரடி என்பது மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கிற பேட்ஜர் என்ற விலங்கு. மண்ணுக்கடியில் போய்க் குரைத்தால் மேலே நிற்பவருக்குக் கேட்க வேண்டும், அந்தக் குரல்தான் அந்தக் குட்டி உடம்பில் இருக்கிறது. போதாததற்கு நீண்ட முதுகு, முதுகெலும்பின் நடுவிலுள்ள தட்டு பிதுங்கி நடக்க முடியாமல் போகிற ஆபத்து இந்த இனத்துக்கு மிக அதிகம். சோபாவிலிருந்து குதிப்பதும் படிக்கட்டு ஏறி இறங்குவதும் அதற்கு நல்லதில்லை. லிப்ட் பழுதானால் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். பொமரேனியன் குட்டியூண்டு உருவம், ஆனால் வடக்குக் குளிர்ப் பிரதேசத்துப் பெரிய ஸ்பிட்ஸ் நாய்களின் வழி வந்தது, யார் வந்தாலும் அறிவிப்பதைக் கடமையாக நினைக்கும். பழக்கலாம், நிறையப் பேர் பழக்கியிருக்கிறார்கள். தெரிந்து வாங்குங்கள் என்பதுதான் என் பேச்சு.

புத்திசாலி நாய் வேண்டும் என்பார்கள். பார்டர் கோலி இனத்தில் சேசர் என்று ஒரு நாய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டது என்று 2011இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. அதற்குப் பின்னால் வருடக்கணக்கில் தினமும் பல மணி நேரம் அதோடு உட்கார்ந்த ஒரு மனிதர் இருந்தார். அந்த மாதிரி மூளைக்கு வேலை தராமல் பூட்டி வைத்தால் அது தனக்குத் தானே வேலை கண்டுபிடிக்கும், உங்கள் கதவு நிலையிலிருந்து தொடங்கும்.

இன்னொரு பக்கம், உலகத்திலேயே வேகமாக ஓடுகிற நாயான கிரேஹவுண்ட் பிளாட்டுக்கு அருமையாகப் பொருந்துகிறது என்றால் நம்ப மாட்டார்கள். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், ஆனால் கொஞ்ச நேரம்தான். ஓடி முடித்தால் மீதி நாள் சோபா. குரைப்பதும் குறைவு. உடம்பில் கொழுப்பும் முடியும் கம்மி என்பதால் குளிர் தாங்காது, பூனையைக் கண்டால் பாய்ந்துவிடும் என்பதால் வெளியே வாரை விடவே கூடாது, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த நாய் என்றால் படிக்கட்டையும் கண்ணாடிக் கதவையும் முன்பின் பார்த்திருக்காது, பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கிரேட் டேனும் வீட்டுக்குள் சாதுதான். ஆனால் வயதாகிக் காலில் வலு போகிற காலத்தில் 60 கிலோ நாயை ஐந்தாவது மாடியிலிருந்து யார் இறக்குவது? அதையும் இப்போதே யோசித்துவிட வேண்டும்.

இனி எனக்குக் கோபம் வருகிற இடம். பிளாட்டுக்கு ஏற்ற நாய் என்று யாரைக் கேட்டாலும் பக், பிரெஞ்ச் புல்டாக், ஷிட்சு என்று தட்டை மூஞ்சி நாய்களைத்தான் சொல்கிறார்கள். நாய் இனங்களைப் பதிவு செய்கிற அமெரிக்கக் கென்னல் கிளப்பின் பதிவுகளில் 31 வருடம் முதலிடத்தில் இருந்த லாப்ரடாரைத் தள்ளிவிட்டு 2022இல் பிரெஞ்ச் புல்டாக் முதலிடத்துக்கு வந்தது. சத்தம் குறைவு, நடை குறைவு, கொஞ்சலான முகம், எல்லாம் உண்மை. நடை ஏன் குறைவு என்று யாரும் கேட்பதில்லை. நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டைத் தணிக்காது, மூச்சிரைத்துத்தான் தணிக்கும். இந்த நாய்களின் முக எலும்பை மனிதர்கள் சுருக்கினார்கள், உள்ளே இருக்கிற சதை அதே அளவுக்குச் சுருங்கவில்லை. மூக்குத் துவாரம் ஒரு கீறல் மாதிரி இருக்கும், தொண்டைக்குள் மேலண்ணத்தின் தொங்குசதை மூச்சுப் பாதையை அடைக்கும். உறவினர் வீட்டு பக் ஒன்று, லிப்டில் மூன்று பேர் நெருக்கி நின்றாலே வாயை அகலத் திறந்து, நாக்கின் நுனி சுருண்டு, விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். வீட்டில் எல்லோரும் "குறட்டை விடுறான் பாரு, அழகு" என்பார்கள். அது அழகில்லை, மூச்சுக்காக அது படுகிற பாடு. பல விமான நிறுவனங்கள் இந்த இனங்களைச் சரக்கு அறையில் ஏற்றவே மறுக்கின்றன. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், எடை ஏறவிடாதீர்கள், வெயில் நேரத்தில் வெளியே கூட்டிப்போகாதீர்கள், மூச்சுப் பாதையை மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாக வாங்காதீர்கள் என்று கெஞ்சித்தான் கேட்கிறேன்.

முடி உதிராத நாய் வேண்டும் என்பவர்களுக்கு பூடில் நல்ல நாய்தான், ஆனால் உதிராத முடி சிக்கு விழும், தினமும் சீவி, நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும். ஒவ்வாமை தருவது முடி இல்லை, எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிற புரதம். அது எல்லா நாய்க்கும் உண்டு. வீட்டில் யாருக்காவது தும்மல், மூச்சுத் திணறல் இருந்தால் அந்த நாயோடு சில மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நண்பரின் பெண்ணுக்கு லாப்ரடார் மேல் ஆசையாம். குழந்தைக்குத் தங்கமான நாய். 30 கிலோ எடை, வருடம் முழுக்க உதிர்கிற முடி, முதல் இரண்டு வருடம் கடித்துத் தின்கிற பருவம், தினமும் காலையும் மாலையும் நல்ல ஓட்டம், எல்லாம் சேர்ந்துதான் வரும். எப்போதும் பசியோடு பார்க்கிற அந்த முகத்துக்குக்கூட ஒரு காரணம் உண்டு. நான்கு லாப்ரடாரில் கிட்டத்தட்ட ஒன்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் குறை இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஓட்டம் குறைந்த வீட்டில் அது சீக்கிரமே குண்டாகிவிடும்.

இவ்வளவு இனம் பேசிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் இருக்கிற வேறுபாட்டில் இனம் விளக்குவது 9 சதவீதம் அளவுதான் என்று தெரிந்தது. ஊளையே இடாத பீகிளும் இருக்கும், சோம்பேறி டெரியரும் இருக்கும். இனம் ஓர் ஊகத்தைத் தரும், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்கு வரப்போவது ஒரு தனி நாய், அதை நேரில் பார்த்துப் பழகித்தான் தெரிந்துகொள்ள முடியும். இரண்டு மாதக் குட்டியிடம் அது தெரியாது, மூன்று நான்கு வயது நாயிடம் தெரியும்.

நண்பருக்கு நான் குட்டி வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணமும் அதுதான். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது, ஐந்தாவது மாடியில் லிப்டுக்குக் காத்திருக்கிற நேரத்திலேயே முடிந்துவிடும். தடுப்பூசிகள் முடிகிற வரை பல நாய் நடமாடும் இடத்தில் அதைத் தரையில் விடவும் கூடாது, அதே சமயம் மனிதர்கள், சத்தம், வண்டி எல்லாவற்றுக்கும் அது பயமில்லாமல் பழக வேண்டிய காலமும் அந்த முதல் மூன்றரை மாதம்தான். பகலில் வீட்டில் ஆள் வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அது குட்டிக்குச் செய்கிற அநியாயம்.

பொன்னிக்குப் பிறகு நாங்கள் எடுத்தது காப்பகத்திலிருந்த நான்கு வயது கலப்பின நாய், பாரி. என்ன இனமெல்லாம் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூன்று முறை போய்ப் பார்த்தோம். மூன்றாம் முறை அவர்களிடம் கேட்டு, லிப்ட் உள்ள ஒரு கட்டிடத்துக்குக் கூட்டிப்போனேன். கதவு திறந்ததும் முன்னங்காலை உள்ளே வைத்தான், தரைக்கும் லிப்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கைப் பார்த்தான், காலை எடுத்துக்கொண்டான். நான் கூப்பிடவில்லை, வாரை இழுக்கவில்லை, உள்ளே தரையில் உட்கார்ந்துகொண்டேன். கதவை ஒருவர் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து இடுக்கை ஒரே எட்டில் தாண்டி வந்து என் தோளில் சாய்ந்து நின்றான். பயப்படுகிறான், ஆனால் பயத்திலிருந்து மீண்டு வருகிறான். எனக்கு அது போதுமாக இருந்தது. அப்புறம் ஓர் அறையில் அரை மணி நேரம் தனியாக விட்டுப் பார்த்தோம், சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

நண்பரே, நாய் வரும் முன் குடியிருப்பு விதிகளையும் வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள், பால்கனிக் கம்பி இடைவெளியில் வலை அடித்துவிடுங்கள், வழுக்குகிற தரையில் விரிப்பு போடுங்கள். பகலில் நடுவில் ஒருமுறை வந்து வெளியே கூட்டிப்போக ஓர் ஆள் கிடைக்காவிட்டால் இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம். கிடைத்தால், காப்பகத்தில் உங்களுக்குப் பிடித்த நாயை இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள், பல இடங்களில் தருவார்கள். முதல் நாள் அதை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டும்போது ஒரு பழைய போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் கேட்டுவிட்டு எனக்குக் கூப்பிடுங்கள், எத்தனை மணியானாலும் பரவாயில்லை.