அவள் வேலையில நிக்கிறாள்

சித்திரை சீசன் வந்துவிட்டால் நுவரெலியாவில் கால் வைக்க இடம் இருக்காது. வேன் வேனாகச் சனம் வந்து இறங்கும். அப்படி ஒரு சீசனில், அந்தப் பக்கம் இருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவில் வாசலில் நின்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நாலு வருடம் வேலை செய்தேன். இன்றைக்கும் நினைவில் நிற்பது அந்த ஒரு நாள்தான்.

காலை பத்து மணி இருக்கும். மழைத் தூறல். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா வரிசையில் வந்தார். பக்கத்தில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை, அவருடைய தங்கை மகள். இடது கையில் ஒரு லாப்ரடார் நாய். நெஞ்சைச் சுற்றி வார் கட்டி, முதுகுக்கு மேலே வளைந்த கைப்பிடி ஒன்று நின்றது. அவருக்குக் கண் தெரியாது என்பது எனக்குப் புரிந்தது. அவருக்கு வழிகாட்டத்தான் நாய் வந்திருக்கிறது என்பதும் ஓரளவு புரிந்தது. ஆனாலும் எனக்குப் பின்னால் பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருந்ததைத்தான் சொன்னேன்: “நாய்க்கு உள்ளே அனுமதி இல்லைங்க அக்கா. வாகனத்துல விட்டுட்டு வாங்க. நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

உதவி செய்கிறேன் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சு. “தம்பி, உங்கட கையைப் பிடிச்சா நீங்கள் போற இடத்துக்குத்தான் நான் போகலாம். இவளோட வந்தா, நான் போற இடத்துக்கு இவள் வருவாள்” என்றார்.

மேனேஜர் வரும்வரை இருபத்தைந்து நிமிடம் அந்தத் தூறலில் நின்றார்கள். கூரைக்குள் வரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு சுடுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இலேயே நம் நாட்டில் 28ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. பொதுமக்கள் போகக்கூடிய இடத்துக்கு ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. நான் அதைத் தேடிப் படித்தது அந்த நாளுக்குப் பிறகுதான். வாசலில் நிற்கிறவனுக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

மேனேஜர் வந்து பார்த்தார், சரி என்றார். கூடப் போகும்படி என்னையே அனுப்பினார்.

நாயின் பெயரைக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். “சொன்னா நீங்கள் கூப்பிடுவியள். கூப்பிடாதேங்கோ தம்பி, இப்ப அவள் வேலையில நிக்கிறாள்.” இங்கிலாந்தில் வளர்ந்தவர், வேலை விஷயமாக இரண்டு வருடத்துக்குக் கண்டிக்கு வந்திருந்தார். நாயும் அங்கே பழக்கப்பட்டதுதான். முதலாம் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக ஜெர்மனியில் தொடங்கிய பழக்கம் இது என்றும், பிரிட்டனில் 1931இல் முதன்முதலாக நாலு பேருக்கு இப்படி நாய் கிடைத்தது என்றும் நடந்துகொண்டே சொன்னார். வழி நாய்க்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. எங்கே போவது என்று முடிவு செய்வது அவர். முட்டாமல், விழாமல் கொண்டுபோவது அது.

ஒவ்வொரு ராட்டினத்துக்கு முன்னாலும் நின்று என்னைக் கேட்டார். “சுத்துமோ, எழும்புமோ? எந்தப் பக்கம் சரியும்? திடீரெண்டு நிக்குமோ?” நாலு வருடமாக அதே ராட்டினங்களைப் பார்த்தவன் நான். பாதிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. பெல்ட் எந்தத் தோளுக்கு மேலே வரும் என்பதைக்கூட ஏறி உட்கார்ந்து பார்த்துத்தான் சொன்னேன்.

தொங்கு நாற்காலி ராட்டினத்துக்கு ஏறும் படி இரும்புக் கம்பி வலை. கீழே பார்த்தால் தரை தெரியும். முதல் படியில் நாய் நின்றுவிட்டது. அவர் சொல்லியும் அசையவில்லை. நான் பின்னாலிருந்து தட்டிவிடப் போனேன். அக்கா இழுக்கவில்லை, அதட்டவில்லை. சப்பாத்து நுனியால் படியைத் தடவிப் பார்த்தார். “ஓட்டைப் படி. இவளின்ர நகம் மாட்டும். வேற வழி இருக்கோ?” என்றார்.

இருந்தது. பின்பக்கம் சாமான் ஏற்றுகிற சிமெந்துச் சரிவு. அதில் சோடாப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெட்டிகளை நகர்த்தி வழிவிட்டேன். நாய் தயங்காமல் ஏறியது.

சுழல்கிறதில் நாயை ஏற்ற முடியாது, அதை அவரும் கேட்கவில்லை. அக்கா ஏறும்போது பிள்ளை நாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆள் மாறினார்கள். பிள்ளையை மறுபடி வரிசையில் நிற்க விடாமல் நேரே ஏற்றினேன். வெளிநாட்டில் பெரிய பூங்காக்களில் இது சாதாரண வழக்கமாம். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருவரிடம் காரணத்தைச் சொன்னேன், அவரே பின்னால் இருந்தவர்களுக்கும் சொல்லிவிட்டார். குட்டி ரயிலில் மட்டும் நாயும் ஏறி, அவர் காலடியில் வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு படுத்தது.

பயந்தது வேறு இடத்தில். சோளம் விற்கிற பக்கம் எங்கள் பூங்காவிலேயே சுற்றுகிற இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தன. அக்காவின் கை கைப்பிடியில் இறுகியதைப் பார்த்தேன். சோளக்கார மாமா ஒரு மாரி பிஸ்கட்டைக் காட்டி அதுகளை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மத்தியானம் புல் இருக்கிற ஓரமாக ஓர் இடம் கேட்டார். அங்கே போனதும் வாரைக் கழற்றினார். அவ்வளவு நேரமும் யாரையும் ஏறிட்டுப் பாராமல் நடந்த அந்த நாய், ஈரப் புல்லில் மல்லாக்கப் புரண்டு, நாலு காலையும் ஆட்டி, எழுந்து உடம்பை உதறியது. என் கால்சட்டையெல்லாம் தண்ணீர். முடிந்ததும் பையில் தானே அள்ளிக் கட்டினார் அக்கா. குப்பைத் தொட்டி எங்கே என்று மட்டும் கேட்டார். பிறகு வாரை நீட்டினார். நாய் தானே வந்து அதற்குள் தலையை நுழைத்தது.

மறுநாள் காலை, அந்தச் சரிவில் சாமான் வைக்க வேண்டாம் என்று ஸ்டோர் பையன்களிடம் சொன்னேன். மூன்று நாள் வைக்கவில்லை. நாலாம் நாள் திரும்ப அடுக்கியிருந்தது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வேலையை விடும்வரைக்கும், காலையில் கேட் திறக்கும் முன் போய்ப் பெட்டிகளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவேன்.