ஐந்து பேருக்கு ஒரே டெஸ்ட்

2020 ஏப்ரலில் எங்கள் ஆய்வகத்தில் காலையின் முதல் வேலை, கொரோனா பரிசோதனை கிட் எத்தனை மிச்சமிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. மாதிரிகள் எத்தனை வந்திருக்கின்றன என்பதை அப்புறம்தான் பார்ப்போம். வட மாவட்டம் ஒன்றில், அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் நான் லேப் டெக்னீஷியன். மார்ச் 7-ஆம் தேதி தமிழ்நாட்டின் முதல் தொற்று உறுதியானபோது, மாதிரிகள் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தின் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஏப்ரலுக்குள் எங்களைப் போன்ற மாவட்ட லேப்களும் இறங்கியாக வேண்டும் என்றாகிவிட்டது.

தனியார் லேபில் ஒரு பரிசோதனைக்கு அப்போது நிர்ணயித்திருந்த உச்ச விலை 4,500 ரூபாய். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 22,500. ஊரடங்கில் கூலியும் இல்லாத வீடுகள். அவர்களுக்கெல்லாம் எங்களை விட்டால் வேறு கதி இல்லை. எங்களிடம் இலவசம்தான், ஆனால் கிட் தீர்ந்துவிட்டால் இலவசத்துக்கு என்ன அர்த்தம்? வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் கிட்டுக்குத்தான் அதிகத் தட்டுப்பாடு. மெஷின் சும்மா நிற்கும், கிட் வண்டி வராது.

ஏப்ரல் 13-ஆம் தேதி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) கூட்டுப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. ஐந்து பேரின் மாதிரிகளில் இருந்து சம அளவு எடுத்து ஒன்றாகக் கலந்து, ஒரே டெஸ்டாகப் போடலாம். நெகட்டிவ் என்றால் ஐந்து பேருக்கும் நெகட்டிவ். பாசிட்டிவ் என்றால் அந்த ஐந்தையும் தனித்தனியாகத் திரும்பப் போட வேண்டும். யோசனை புதிதல்ல. ராபர்ட் டார்ஃப்மன் என்ற அமெரிக்கர் 1943-லேயே, ராணுவத்துக்கு எடுக்கும் ஆட்களிடம் சிஃபிலிஸைக் கண்டுபிடிக்க, பலருடைய ரத்தத்தை ஒன்றாகக் கலந்து சோதிக்கும் இந்தக் கணக்கை எழுதியிருக்கிறார்.

நூறு பேரில் ஒருவருக்குத்தான் தொற்று என்றால், ஐந்தைந்து பேராகக் கலந்து இருபது செட் போடுவோம், ஒன்று பாசிட்டிவ் ஆகும், அதைப் பிரித்தால் இன்னும் ஐந்து. நூறு டெஸ்ட் வேலை இருபத்தைந்தில் முடிந்துவிடும். மெஷினில் வைக்கும் எங்கள் தட்டில் 96 கிணறுகள், அதாவது சின்னக் குழிகள். டெஸ்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் கண்ட்ரோலுக்கு இரண்டு போனால் மீதி 94. ஒரே ஓட்டத்தில் 470 பேர்! முதல் தட்டு ஓடி முடிந்து, வைரஸ் இருந்தால் மேலெழும் கோடுகள் எல்லாம் திரையில் தரையோடு தரையாகப் படுத்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு குறை உண்டு. ஐந்தாகக் கலக்கும்போது வைரஸும் ஐந்தில் ஒரு பங்காக நீர்த்துப் போகும். மெஷின் சுழற்சிக்குச் சுழற்சி வைரஸின் மரபுப் பொருளை இரட்டிப்பாக்கும், அதனால் கோடு இரண்டு சுழற்சிக்கு மேல் தாமதமாகத்தான் எழும். ஒரு நாள் ஒரு செட்டின் கோடு 36-வது சுழற்சியில், எழுவதா வேண்டாமா என்பது போல மெல்லத் தலை தூக்கியது. “இதை விட்டுடலாமா மேடம்?” என்று துறைத் தலைவரிடம் கேட்டேன். கிட் கையிருப்பை மனதில் வைத்துக் கேட்டேன். மேடம் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், “அஞ்சையும் பிரிச்சுடும்மா. அஞ்சு டெஸ்ட் போனாப் போகட்டும்” என்றார். நான்காவது குழாய் பாசிட்டிவ். பிரசவத்துக்கு நாள் நெருங்கிய ஒரு பெண்ணுடையது. மறுநாள் பொது வார்டில் சேர்வதாக இருந்தார். நான் கேட்ட கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது.

அப்புறம் கோயம்பேடு வந்தது. சென்னையின் அந்தக் காய்கறிச் சந்தையில் தொற்று பரவி, மே 5-ஆம் தேதி அதை மூடினார்கள். அதற்கு முன்பே மூட்டை தூக்குகிறவர்களும் காய்கறி வண்டிக்காரர்களும் லாரி ஏறி ஊர் திரும்ப ஆரம்பித்திருந்தார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று எல்லாப் பக்கமும். அவர்களைப் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்கவைத்து மாதிரி எடுத்து அனுப்பினார்கள். ஐஸ் பெட்டிகள் வந்து இறங்கின. படிவத்தில் ‘வெளியூர்’ என்று மட்டும்தான் இருந்தது. நாங்களும் வழக்கம் போல ஐந்தைந்தாகக் கலந்துவிட்டோம்.

இரவு இரண்டு மணி. முகக்கவசக் கண்ணாடிக்குள் ஆவி படிந்து, வியர்வை கையுறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடுகள் எழுந்தன. இருபது செட்டில் மூன்றுதான் சுத்தம். மீதி பதினேழையும் பிரித்தால் 85 டெஸ்ட். இருபதோடு 85, மொத்தம் 105. கலக்காமலே போட்டிருந்தால் நூறோடு முடிந்திருக்கும். தொற்று விகிதம் ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் கலக்காதீர்கள் என்று ஐ.சி.எம்.ஆர். குறிப்பிலேயே இருந்தது. ஆனால் குழாயைப் பார்த்தால் விகிதம் தெரியாதே. எல்லாவற்றிலும் அதே இளஞ்சிவப்புத் திரவம்தான்.

கிட் போனதை விட நாள் போனதுதான் பெரிய இழப்பு. ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் எப்படியோ லேப் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டார். “மேடம், நெகட்டிவ்னா வீட்டுக்குப் போறேன். பாசிட்டிவ்னா ஆஸ்பத்திரிக்குப் போறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இங்க எல்லாரோடயும் ஒரே ஹால்ல படுத்திருக்கிறதுதான் பயமா இருக்கு.” அவர் செட்டை அப்போதுதான் பிரித்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே சுகாதார ஆய்வாளர்களிடம் பேசினோம். மாதிரி எடுக்கும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: எங்கிருந்து வந்தீர்கள், யாரோடு வந்தீர்கள். கோயம்பேடு என்றாலோ, தொற்று உள்ளவரோடு பழகியவர் என்றாலோ, காய்ச்சல் இருமல் என்றாலோ குழாயின் மூடியில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு. சிவப்புக் கோடு போட்டதைத் தனியாக ஓட்டினோம், மற்றதைக் கலந்தோம். அடுத்த வாரம் பிரிக்க வேண்டிய செட்டுகள் சட்டென்று குறைந்தன. முடிவும் ஒரு நாள் முன்னதாகவே போனது. கிட்டை மிச்சம் பிடிக்க நாங்கள் என்னென்னவோ செய்து பார்த்தோம். அந்த மார்க்கர் அளவுக்கு வேறு எதுவும் கைகொடுக்கவில்லை. ஜூனில் தொற்று எங்கும் பரவிய பிறகு கலப்பதையே நிறுத்திவிட்டோம், அது வேறு.

அந்தத் தொழிலாளிக்கு நெகட்டிவ். நானே கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “செவ்வாய்க்கிழமை எடுத்தீங்க மேடம், இன்னைக்கு வெள்ளி. இந்த மூணு நாள்ல ஒட்டியிருந்தா?” என்று கேட்டார். வீட்டில் அவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தன.

இன்னொரு முறை எடுக்கச் சொன்னேன். அந்தக் குழாய் சனிக்கிழமை மதியம் வந்தது. மூடியில் சிவப்புக் கோடு இல்லை. அந்தக் கோட்டை நானே போட்டேன்.