புறாத்தீவு: அரை நாள், முழங்கால் ஆழத்தில் சுறா, கொஞ்சம் கோபம்

நிலாவெளியில் முதலில் கடிப்பது சுறா இல்லை, பில்லுதான். அதனால் காசில் இருந்தே தொடங்குகிறேன்.

இலங்கையின் கிழக்கே, திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக் கடலில், பவளமும் சுறாவும் பார்க்கப் போகும் சின்னத் தீவுதான் புறாத்தீவு. அங்கே போகும் செலவு ஒரே தொகை போலத் தெரிந்தாலும் அதற்குள் நாலைந்து துண்டுகள் இருக்கின்றன. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு ஆளுக்கு ஒன்று. சேவைக் கட்டணம் குழுவுக்கு ஒன்று. இவற்றின் மேல் வரி. படகுக் கூலி படகுக்கு; இரண்டு பேர் ஏறினாலும் ஆறு பேர் ஏறினாலும் அதே தொகை. தண்ணீருக்குள் பார்க்கும் மாஸ்க்கும் மூச்சு விடும் குழாயும் வாடகைக்கு எடுத்தால் அது வேறு. ஹோட்டல் வரவேற்பு மேசையில் "ஆளுக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து" என்று சிரித்துக்கொண்டு சொல்வார்கள். படகுக்கும் குழுவுக்கும் ஒரு தடவை கட்ட வேண்டிய காசைத் தலைக்குத் தலை வாங்கும் வித்தை அது. நேரே கடற்கரையில் இருக்கும் டிக்கெட் கவுண்டருக்கு நடந்து போங்கள். விலைப்பலகையை வாசியுங்கள், அதன் பிறகு படகு பேசுங்கள். இரண்டு பேராக வந்திருந்தால் அங்கே நிற்கும் இன்னொரு சோடியிடம் "சேர்ந்து போவோமா" என்று கேட்டுவிடுங்கள். அவர்களும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். தமிழ் பேசினால் உள்ளூர் விலை கிடைத்துவிடும் என்று நினைத்து வரும் ரொறன்ரோச் சித்தப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: கவுண்டரில் மொழியைப் பார்ப்பதில்லை, அடையாள அட்டையைத்தான் பார்ப்பார்கள். குடும்பமாகப் போகிறவர்கள் இதை முதல் நாளே வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. வெயிலில் கவுண்டர் வாசலில் நின்று சண்டை பிடிப்பதால் விலை குறையாது.

அடுத்தது நேரம். முழுப் பயணத்தையும் ஆக்குவதும் கெடுப்பதும் இதுதான். ஏழு மணிக்கு முன்னால் கரைக்கு வந்து, திறந்ததும் முதல் படகுகளில் ஒன்றில் ஏற வேண்டும். வெள்ளன கடல் கண்ணாடி போல இருக்கும், மணல் அடங்கிக் கிடக்கும், சுறாக்கள் கரையை ஒட்டி வரும். ஒன்பதரை, பத்துக்கு மேல் படகு படகாக ஆட்கள் இறங்கி மணலைக் கிளப்பிவிடுவார்கள். பிறகு கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரியும். பதினொரு மணியளவில் கடற்காற்றும் எழும்பி அலையைக் கூட்டும். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) தினம், ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை, இந்த நாலையும் முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். செவ்வாயோ புதனோ போகிறவர் பாதி அதிர்ஷ்டத்தைக் கையோடு கொண்டு போகிறார்.

"முதலில் டொல்பின், திமிங்கிலம், அப்படியே தீவு" என்று ஒரு பொதி விற்பார்கள். வாங்காதீர்கள். திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகில் வருவதால் நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் வருவது உண்மைதான். அது அருமையான பயணமும்கூட. ஆனால் அதற்கும் விடியற்காலைதான் நல்ல நேரம், தீவுக்கும் அதுதான். இரண்டையும் சேர்த்தால் டொல்பினைத் துரத்தி, வயிற்றைப் புரட்டி, தீவில் கால் வைக்கும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். இரண்டு நாள் இருந்தால் இரண்டு காலை. ஒரு நாள்தான் என்றால் தீவு.

நிலாவெளியில் இருந்து தீவு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம். உப்புவெளியில் இருந்தும் படகு கிடைக்கும். தூரம் கூட, கூலியும் கூட, அங்கேயே தங்கியிருந்தால் ஒழியத் தேவையில்லை. ஏறும் முன் படகுக்காரரிடம் திரும்பும் நேரத்தை வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டரை மணி நேரம் வேண்டும். பேசாமல் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கரையில் நின்று கை காட்டிக் கூப்பிடுவார். அடுத்த சவாரி அவருக்காகக் காத்திருக்கும். திரும்பி வந்த பிறகுதான் முழுக் கூலி என்று பேசினால் இந்தக் கூப்பாடு குறைகிறது.

இனி மாஸ்க். வாடகைக் குவியலில் இருப்பவற்றில் பாதி ஒழுகும், அதனால் ஒவ்வொன்றாகச் சோதித்து எடுங்கள். பட்டியை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை விட்டாலும் அது முகத்தில் ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் அடுத்ததை எடுங்கள். சிலிக்கோன் விளிம்பு மஞ்சளாகி விறைத்திருந்தால் தொடவே வேண்டாம். ஒழுக்குக்கு வழக்கமான காரணம் மூன்று: விளிம்புக்குள் சிக்கிய தலைமயிர், மீசை, அளவுக்கு மீறி இறுக்கிய பட்டி. மூன்றாவதை யாரும் நம்புவதில்லை. தண்ணீர் வருகிறது என்று பட்டியை இன்னும் இழுத்தால் விளிம்பு மடிந்து இன்னும் ஒழுகும். பட்டி தலையின் பின்பக்கம் காதுக்கு மேலே அமர வேண்டும், கழுத்துப் பக்கம் இறங்கக் கூடாது. மீசைக்காரர்கள் மேலுதட்டில் கொஞ்சம் வாஸலின் தடவிப் பார்க்கலாம். கண்ணாடி புகையாகாமல் இருக்க உள்ளே எச்சிலைத் துப்பித் தேய்த்து, ஒரு முறை மட்டும் கடல் நீரில் அலசுங்கள். அருவருப்பாக இருந்தால் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூ ஒரு சொட்டு போதும். போட்ட பிறகு மூக்கால் மூச்சு விட்டால் எதைத் தடவியும் பயனில்லை, புகை மூடிவிடும்.

நீந்தத் தெரியாதவர்களும் இங்கே பார்க்கலாம். லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் ஆக வேண்டும், போட்டால் மிதப்பீர்கள். ஆனால் பக்கப் பட்டிகளை இறுக்காவிட்டால் அது காது வரை ஏறி, தண்ணீரில் உங்களை நிமிர்த்தி நிறுத்திவிடும். நிமிர்ந்தால் கால் தொங்கும், தொங்கும் கால் பவளத்தை உடைக்கும். எனவே பட்டியை இறுக்கி, குப்புறப் படுத்து, நாடியைக் கொஞ்சம் உள்ளே இழுத்து நேரே கீழே பாருங்கள். முன்னால் பார்க்கத் தலையை உயர்த்தினால் கால் தாழும். இதை நிலாவெளி மணற்கரையில் இடுப்பளவு நீரில் பத்து நிமிடம் பழகிவிட்டுப் படகில் ஏறுங்கள். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் தலையைத் தூக்கத் தேவையில்லை. "தூ" என்று ஒரே ஊதல், மேலால் போய்விடும். பிறகு மெதுவாக, ஆழமாக மூச்சு. சின்னச் சின்னதாக மூச்சு விட்டால் குழாயில் நிற்கும் பழைய காற்றையே திரும்பத் திரும்ப இழுப்பீர்கள், ஐந்து நிமிடத்தில் களைத்துப் போவீர்கள்.

ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) வேண்டாம். பெரும்பாலான இடம் ஆழமில்லாதது. ஒரு உதையில் கொம்புப் பவளம் நொறுங்கும்.

தலைப்பில் சொன்ன கோபத்தை இங்கே கொட்டிவிடுகிறேன். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் தெற்கு, மேற்குக் கரையோரப் பவளப்பாறைகள் வெளுத்துச் செத்தபோது பெரிய அடி வாங்காமல் தப்பிய இடங்களில் இதுவும் ஒன்று. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாகத் தரம் உயர்த்தப்பட்டது. இப்படித் தப்பிய பாறையின் மேல் இன்று என்ன நடக்கிறது? பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள்: மார்பளவு நீரில் பத்துப் பேர் பவளத்தின் மேல் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு வழிகாட்டுபவரே முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) காலூன்றி நின்று "அங்கே பாருங்கோ, நீமோ" என்கிறார். கொம்புப் பவளமாவது ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் வரை வளரும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். சாப்பாட்டு மேசை அளவு பருத்த ஒரு கல்லுக்கு உங்கள் பாட்டியைவிட வயது கூட இருக்கலாம். களைத்தால் நிற்க வேண்டாம், மல்லாந்து படுங்கள், ஜாக்கெட் தாங்கும். நிற்கத்தான் வேண்டுமென்றால் மணல் திட்டைப் பார்த்து அங்கே போய் நில்லுங்கள்.

தீவுக்கு இரண்டு முகம் உண்டு. படகு இறக்கிவிடும் கரை ஒன்று. பாறைகளுக்கிடையே குறுகிய பாதையால் நடந்தால் மறுபக்கம். பெரும்பாலானோர் இறங்கிய இடத்திலேயே குவிந்து நிற்பதால், கூட்டம் வந்ததும் மறுபக்கம் மாறுங்கள். பாதையும் கரையும் உடைந்த முருகைக்கல், வெறுங்காலில் நடந்தால் கிழிக்கும். றப்பர் செருப்பு போதாது, கழன்று போகும். பின்பட்டி உள்ள சாண்டலோ தண்ணீர்ச் சப்பாத்தோ வேண்டும்.

இப்போது சுறா. இங்கே வருவது கருமுனைச் சுறா. முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டது போலக் கறுப்பு, அதற்குக் கீழே ஒரு வெளிர் பட்டை. பொதுவாக ஒன்றரை மீற்றருக்கு மேல் வளராது, குட்டிகள் முழங்கால் ஆழத்திலேயே திரியும். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். கரைக்கு வந்து "ஆளளவு சுறா" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்தது ஒரு மீற்றர்ச் சுறா. மிகக் கூச்ச சுபாவம். நீங்கள் அடித்து நீந்தினால் ஓடிவிடும். ஆகவே துரத்தாதீர்கள். பவளம் முடிந்து மணல் சரியும் விளிம்பில், ஆழத்தை நோக்கியபடி, கைகால் ஆட்டாமல் பத்து நிமிடம் மிதந்தபடி இருங்கள். இந்த இனம் ஒரு சின்ன எல்லைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், போனது திரும்பி வரும். முதலில் தெரிவது உடம்பு இல்லை: மணல் நிறத்தில் ஏதோ நகர்கிறது, அதன் மேல் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தனியாக மிதந்து வருகிறது. பிறகு திடீரென முழு மீனும் உருவாகும், வாலை இரண்டு தரம் அசைக்கும், கண்ணால் உங்களை ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான். யார் என்ன சொன்னாலும் சரி, இந்த இரண்டு விநாடிக்காகவே அந்த வரியெல்லாம் கட்டலாம்!

ஆமை கிடைத்தால் அதன் தலைக்கு மேலே மிதக்காதீர்கள். அது மூச்செடுக்க மேலே வர வேண்டும், வழியை மறித்தால் மிரண்டு விலகிவிடும். பக்கவாட்டில், நாலைந்து மீற்றர் தள்ளி நின்றால் புல் மேயும் மாடு போல உங்களைக் கவனிக்காமல் தன் வேலையைப் பார்க்கும். மற்றபடி கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும், காதைத் தீட்டுங்கள். பாறைப் பொந்துக்குள் வாயைத் திறந்து மூடும் அஞ்சாளையை, அந்தப் பாம்பு போன்ற மீனைக் கண்டால் விரலை நீட்ட வேண்டாம். மேலே பாறைகளில் இருப்பவை தீவுக்குப் பெயர் கொடுத்த மாடப்புறாக்கள். கூடு வைக்கும் இடம், ஏறிக் கலைக்காதீர்கள்.

தீவில் கடை கிடையாது, நிழலும் அருமை. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். போத்தலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். காலையில் பிளேன்டீயும் இரண்டு வாழைப்பழமும் போதும். பொங்கலைக் கட்டிவிட்டுக் குப்புறப் படுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சன்கிரீமை நம்பாமல் நீளக்கை ரீசேர்ட் போடுங்கள். பூச மறக்கும் இடம் முழங்காலின் பின்பக்கம். அன்று பின்னேரம் உட்கார முடியாது. பவளம் கீறினால் சின்னக் காயம் என்று விடாதீர்கள், துகள் உள்ளே நின்று சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி மருந்து போடுங்கள்.

காலம்: மே முதல் செப்டெம்பர் வரை. மாரி தொடங்கி வடகிழக்குக் காற்று பிடித்துவிட்டால் கடல் கலங்கி அடிக்கும். டிசம்பர் விடுமுறைக்கு வந்து "ஒரு படகு கிடைக்காதா" என்று கெஞ்சாதீர்கள். கிடைத்தாலும் ஏற வேண்டாம்.

திரும்பி வந்தால் பசி வயிற்றைக் கிள்ளும். ஹோட்டல் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் புல்மோட்டை வீதிக்கு நடந்து, லொறிக்காரர்கள் சாப்பிடும் கடை ஒன்றில் உட்காருங்கள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், புளி தூக்கலாக ஒரு மீன் குழம்பு. சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்க வைப்பார்கள், பொரித்த அறக்குளா மீன் துண்டுக்குத்தான் தனிக் காசு. வாங்குங்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய வாய்க்கு அந்தக் குழம்பு செய்யும் வேலையை வேறெதுவும் செய்யாது.

கடற்கரை ஒழுங்கை வாயிலில் நிற்கும் ஓட்டோக்கள் நகரத்துக்குக் கேட்கும் காசைக் கேட்டால் படகுக் கூலியே மலிவு போலிருக்கும். சாப்பிட்ட கடைக்கு முன்னாலேயே நின்று கையைக் காட்டினால் திருகோணமலை பஸ் நிற்கும். ஈர உடுப்போடு சீற்றில் உட்கார்ந்தால் கொண்டக்டர் ஏசுவார், ஒரு துவாயை மேலே எடுத்து வையுங்கள்.