கரு எந்த இடத்தில் பதிந்திருக்கிறது?

சேலத்தில் நான் ஸ்கேன் பார்க்கும் அறைக்குள் நுழைந்ததும் பெரும்பாலானோர் கேட்பது, "துடிப்பு வந்துடுச்சா மேடம்?" என்பதுதான். அதைச் சொல்வதற்கு முன், கரு எங்கே பதிந்திருக்கிறது என்பதை நான் உறுதி செய்துகொள்கிறேன். இடம் மாறிய கர்ப்பங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் கருக்குழாயில்தான் அமைகின்றன. கர்ப்பப்பை காலியாக இருந்தால் எவருக்கும் சந்தேகம் வந்துவிடும். கர்ப்பப்பையை ஒட்டியோ அதற்குள்ளேயோ தவறான இடத்தில் பதிந்த கருதான் கண்ணை ஏமாற்றும்.

முந்தைய சிசேரியன் தழும்பில் கரு பதிந்தால், கர்ப்பப்பையின் மேல்பகுதியும் வாய்ப்பகுதியும் காலியாக இருக்க, கருவின் பை முன்சுவரின் அடிப்பகுதியில் புதைந்து தெரியும். அதற்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவிலுள்ள தசை சில மில்லிமீட்டராக மெலிந்திருக்கும். பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வதே வழக்கம் என்றாலும், இங்கு சிறிதளவு சிறுநீர் இருந்தால் அந்த மெல்லிய எல்லை தெளிவாகத் துலங்கும். எட்டு வாரம் கடந்தபின் பை வளர்ந்து மேல்நோக்கி எழும்பிவிடுவதால், படம் இயல்பான கர்ப்பம் போலவே தோன்றக்கூடும். எனவே சிசேரியன் ஆனவர்கள் "மூணு மாசம் ஆகட்டும்" என்ற வீட்டுப் பெரியவர்களின் பேச்சைக் கேட்டுக் காத்திருக்காமல், ஆறேழு வாரத்திலேயே வருவது நல்லது.

வாய்ப்பகுதியில் பை தெரிந்தால், அது கலைந்து வெளியேறிக்கொண்டிருக்கும் கருவா, அங்கேயே வேர்விட்டதா என்று பார்க்க வேண்டும். ஸ்கேன் கருவியால் மெதுவாக அழுத்தும்போது பை நழுவினால் அது கலைந்து வெளியேறும் கருவாக இருக்கலாம். நழுவாமல், துடிப்போடும் சுற்றிலும் ரத்த ஓட்டத்தோடும் இருந்தால் அங்கேயே வேர்விட்டது.

குழாய் கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழையும் மூலையில் பதிந்த கரு இன்னும் தந்திரமானது. பையைச் சுற்றிய தசை 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதும், உட்படலத்திலிருந்து பையை நோக்கி ஒரு மெல்லிய வெண்கோடு ஓடுவதும் அதற்கான அடையாளங்கள்; முப்பரிமாணப் படம் இதில் பெரிதும் உதவும். அதே சமயம், மூலையை ஒட்டி இருந்தும் கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கும் கரு பல நேரம் நல்லபடியாக வளர்வதுண்டு. ஆகவே ரத்தப்போக்கும் வலியும் இல்லாதவருக்கு, ஒரே ஸ்கேனை நம்பிக் கருவைக் கரைக்கும் மெத்தோட்ரெக்சேட் ஊசிக்குப் போக எனக்கு ஒப்புதல் இல்லை. சில நாளில் இன்னொருவரும் பார்க்கட்டும் என்பேன். ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து வந்தவராக இருந்தால், ரத்தம் கசியத் தொடங்கியபின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வரும் நிலை வேண்டாம் என்பதால், அதுவரை சேலத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கச் சொல்கிறேன்.