அத்தோ சாப்பிட வாருங்கள்

வடசென்னையில் எங்கே சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும் முதலில் பாரிமுனைக்குத்தான் அனுப்புவேன். பொழுது சாய்ந்ததும் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகள் களைகட்டிவிடும். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் அங்கிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த ருசி இது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே மொறுமொறுவென்று பேஜோ என்ற பொரித்த தட்டையை நொறுக்கிப் போடுவார்கள். கூடவே ஆவி பறக்க வாழைத்தண்டு சூப். கூச்சப்படாமல் இன்னொரு கிண்ணம் கேளுங்கள். இனிப்புக்குச் சவுகார்பேட்டை, மீனுக்குக் காசிமேடு, அதெல்லாம் பிறகு. அவித்த முட்டையைப் பிளந்து, பொரித்த வெங்காயமும் பூண்டெண்ணெயும் வைத்துத் தருவார்களே, அதைச் சாப்பிடாமல் மட்டும் வந்துவிடாதீர்கள்!