மெடிக்கல் லீவு போட்டுட்டுப் போன குமாஸ்தாவைத் தேடி ஒரு ஞாயித்துக்கெழம

மொதல்ல அந்த டாக்ஸி கதைய கொட்டிடறேன், இல்லேன்னா மத்தது எதுவும் எழுத வராது. பிரான்ஸ்ல எத்ரத்தான்னு ஒரு கடற்கரை ஊரு, அங்கேர்ந்து லு ஆவ்ர் ஸ்டேஷனுக்கு மிஞ்சிப்போனா 28 கிலோமீட்டர், அதுக்கு 95 யூரோ. வந்த நாள்லேர்ந்து யூரோவ நூறால பெருக்கறது எனக்கு வியாதியாவே ஆயிடுச்சு, ஒரு காபி குடிச்சா கூட மனசுக்குள்ள கால்குலேட்டர் ஓடும். 9,500 ரூபா! அந்த காசுக்கு பாண்டிலேர்ந்து மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு கார் வெச்சு போயிட்டு வந்து வழியில டிபனும் சாப்ட்ருக்கலாம். கடைசி பஸ்ஸ விட்டது என் தப்புதான், ஒத்துக்கறேன். மீட்டர் போடுங்கன்னு என் அரைகுறை பிரெஞ்சுல கேட்டா அந்தாளு சிரிச்சுகிட்டே ஞாயித்துக்கெழம, ராத்திரி, மழைன்னு ஒவ்வொரு விரலா மடக்குறாரு, நாலாவது விரலுக்கு அவருக்கே காரணம் கெடைக்கல. நல்லவேளை, என்ன மாதிரியே பஸ்ஸ விட்டுட்டு ஒரு ஜப்பான் ஜோடி முழிச்சுகிட்டு நின்னுச்சு, மூணா பங்கு போட்டு தப்பிச்சோம்.

சரி, இந்த ஊருக்கு ஏன் போனேன்னு சொல்றேன். நான் யூ.டி.சி., அதாவது கவர்மென்ட் ஆபிஸ் குமாஸ்தா, பதினாலு வருஷ சர்வீஸ். மாமனார் சொல்தா, அதான் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, அதனால நாத்தனார் குடும்பம் பாரிஸ் பக்கத்துல செட்டில் ஆயி ரொம்ப வருஷம். இத்தன நாளா கூப்ட்டுகிட்டே இருந்தா, இந்த வருஷம்தான் ஈ.எல். லீவு கெடச்சுது. வெளிநாடு போக ஆபிஸ் அனுமதி, அதான் என்.ஓ.சி., அந்த ஃபைல் எத்தன டேபிள் தாண்டுச்சுன்னு கேக்காதீங்க, அத தனியா எழுதணும். எல்லாரும் ஈஃபில் டவர், டிஸ்னின்னு லிஸ்ட் குடுத்தாங்க. எனக்கு ஒரே ஒரு ஆள் ஊர பாக்கணும், பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான். காலேஜ் இங்கிலீஷ் பாடத்துல நெக்லஸ் கதை படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள்தான். ஆனா அவரும் நம்மள மாதிரி கவர்மென்ட் ஆபிஸ்ல ஃபைல் தள்ளுனவர்னு எத்தன பேருக்கு தெரியும்?

1872ல, 22 வயசுல, கப்பற்படை மந்திரி ஆபிஸ்ல சேந்தாரு. மொதல்ல சம்பளமே கெடையாது, சும்மா உக்காந்து வேல கத்துக்கணும். அடுத்த வருஷந்தான் மாசம் 125 ப்ராங்க் போட்டாங்க, வருஷத்துக்கு ஒரு தடவ 150 ப்ராங்க் போனஸ் மாதிரி. பாரிஸ்ல கான்கார்ட்னு ஒரு பெரிய மைதானம் இருக்குல்ல, அங்க வரிசையா தூண் வெச்சு அரண்மன மாதிரி நிக்குதே, அதுதான் ஆபிஸ். படைக்காரங்க 2015ல காலி பண்ணிட்டாங்க, 2021லேர்ந்து மியூசியம். உள்ள போகல, டிக்கெட் போர்ட பாத்துட்டு எதிர்ல நின்னே பாத்துட்டேன் (அப்படி மிச்சம் புடிச்ச காசுதான் கடைசியில டாக்ஸிக்கு போச்சு). அந்த கட்டடத்துல இன்னொரு விசேஷம், 1792ல பிரெஞ்சு ராஜா நகையெல்லாம் திருடு போனது இங்கேர்ந்துதான். பின்னால உலகத்துக்கே தெரிஞ்ச ஒரு நகை கதைய எழுதப் போற ஆளு, நகை களவு போன கட்டடத்துல குமாஸ்தா! வாசல்ல நின்னு நானே தனியா சிரிச்சுகிட்டேன், செக்யூரிட்டி ஒரு மாதிரியா பாத்தாரு.

1878ல கல்வி மந்திரி ஆபிஸுக்கு டிரான்ஸ்ஃபர். அதுக்கு சிபாரிசு புடிச்சது யாரு தெரியுமா, ஃப்ளோபேர். பெரிய எழுத்தாளர், ஆனா மாப்பசானுக்கு குடும்ப நண்பர். மாப்பசானோட தாய்மாமனும் அவரும் சின்ன வயசு கூட்டாளிங்க, மாமன் சின்ன வயசுலயே செத்துட்டாரு, அந்த பாசம் மருமகன் மேல எறங்கிடுச்சு. சிபாரிசு இல்லாம டிரான்ஸ்ஃபர் இல்ல, எந்த ஊரா இருந்தா என்ன. அந்த கல்வி ஆபிஸ் இன்னும் அதே க்ரெனெல் தெருவுலதான் இருக்கு. நெக்லஸ் கதையில இரவல் நகைய பார்ட்டிக்கு போட்டுட்டுப் போயி தொலைக்கறாளே, அவ புருஷன் வேல பாக்கறதும் இதே கல்வி ஆபிஸ்தான், அந்த பார்ட்டி நடக்கறதும் அங்கதான்! பொண்டாட்டி டிரஸ்ஸுக்கு, துப்பாக்கி வாங்க சேத்து வெச்ச 400 ப்ராங்க எடுத்துக் குடுப்பான்ல, காலேஜ்ல படிச்சப்ப அவன அசடுன்னு நெனச்சேன். இப்ப பி.எஃப். லோன் போட்டு ஊர் சுத்திட்டு வந்திருக்கறப்ப அவன் மேல பாசமே வந்துடுச்சு.

இப்ப பயணம். காலையில செயின்ட் லசார் ஸ்டேஷன்ல ரயில், ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, லு ஆவ்ர். ரயில்ல சொல்ல ஒண்ணுமில்ல. ஊரே சிமெண்ட் கலர்ல இருந்துச்சு, 1944 குண்டுவீச்சுல தரைமட்டமாகி திரும்ப கட்டுனது, யுனெஸ்கோ லிஸ்ட்ல வேற இருக்கு. எனக்கு ஹவுசிங் போர்டு மாதிரிதான் பட்டுச்சு, மன்னிச்சுக்கோங்க.

அங்கேர்ந்து எத்ரத்தாவுக்கு பஸ்ஸு, அதுதான் கொடும. மொத பஸ் கண்ணு முன்னாடி நெறஞ்சு போயிடுச்சு, அடுத்தது ஒரு மணி நேரம் கழிச்சு. அதுல ஏறி நின்னா போதும்னு ஏறுனேன், ஒரு கால் படியில, ஒரு கால் யாரோ சூட்கேஸ் மேல. பாதி வழியில முன்னாடி ஏதோ ஆக்சிடென்ட், வண்டி நின்னுடுச்சு. முக்கா மணி நேரம். ஜன்னலும் தெறக்காது. பசி வேற. பக்கத்து சீட்ல ஒரு பாட்டி, எழுபதுக்கு மேல இருக்கும், மடியில இருந்த துணிப்பைய பிரிச்சு சின்னச் சின்ன கேக் எடுத்து சுத்தி எல்லாருக்கும் நீட்டுனாங்க. அத பாத்து ஒருத்தர் பாக்கெட் கத்தியில ஆப்பிள் அறுத்து குடுத்தாரு, ரெண்டு பொண்ணுங்க சிப்ஸ் பாக்கெட்ட பிரிச்சுதுங்க. நான் ரெண்டு கேக், ஒரு துண்டு ஆப்பிள் வாங்கி சாப்ட்டேன். என் பையில நாத்தனார் கட்டிக்குடுத்த எலுமிச்ச சாதம், உருளக்கெழங்கு வறுவல், ரெண்டு வடகம். தெறக்கல. பெருங்காய வாசன அந்த மூடுன பஸ்ஸுல என்ன பண்ணும்னு நெனச்சேன், பையோட ஜிப்ப இன்னும் இறுக்கி இழுத்து விட்டேன்.

அப்பதான் சுருக்குன்னுச்சு. மாப்பசான ஒரே ராத்திரியில பெரிய ஆளாக்குன கதை இருக்கே, 1880ல வந்தது, அதுவும் வண்டியில மாட்டிகிட்ட கூட்டத்த பத்திதான். 1870 சண்டையில ஜெர்மன்காரன் ரூவான்ங்கற ஊர புடிச்சுட்டான், பத்து பேரு பனியில குதிர வண்டி ஏறி தப்பிக்கறாங்க. பணக்காரங்க, ரெண்டு கன்னியாஸ்திரீ, கூட ஒரு தாசி, "கொழுப்பு உருண்ட"ன்னு பட்டப்பேரு, அதேதான் கதைக்கும் தலைப்பு. சாப்பாடு கொண்டாந்தது அவ மட்டும். ஒரு பெரிய கூடையிலேர்ந்து கோழிக்கறியும் ரொட்டியும் பிரிச்சு எல்லாருக்கும் குடுக்கறா, மொதல்ல மூஞ்சிய திருப்புனவங்கெல்லாம் கூடைய காலி பண்ணிடறாங்க. வழியில ஒரு ஜெர்மன் ஆபிசர் வண்டிய புடிச்சு வெச்சுகிட்டு அவளத்தான் கேக்கறான், அவ மாட்டேங்கறா, அந்த மரியாதக்காரங்களே பேசிப்பேசி அவள அனுப்பி வெக்கறாங்க. மறுபடி வண்டி கெளம்புறப்ப எல்லார் மடியிலயும் சாப்பாடு, அவ கிட்ட மட்டும் ஒண்ணுமில்ல. ஒருத்தரும் வேணுமான்னு கேக்கல. படியில தொங்கிட்டே இத நெனச்சேன், கையில கேக் துணுக்கு ஒட்டிட்டு இருந்துச்சு.

எத்ரத்தா வந்ததும் பஸ் கோவமெல்லாம் போயிடுச்சு. ஐயோ அந்த வெள்ள மல! கடலுக்குள்ள சுண்ணாம்பு மல வளைஞ்சு வாசக்கால் மாதிரி நிக்குது, தும்பிக்கைய கடல்ல விட்ட யானன்னு மாப்பசான் சொன்னது அப்படியே சரி, ஒரு தடவ யானைய பாத்துட்டா அப்புறம் மலையாவே தெரிய மாட்டேங்குது. மணல் கெடையாது, முழுக்க கூழாங்கல்லு, அல திரும்பி போறப்ப கல்லெல்லாம் உருண்டு ஒரு சத்தம் வரும் பாருங்க, பெரிய முறத்துல யாரோ கடல கொட்டி பொடைக்கற மாதிரி. ஞாபகத்துக்கு ஒரு கல்ல எடுக்க குனிஞ்சேன், கல் எடுக்கக்கூடாதுன்னு போர்டு. வெச்சுட்டேன்.

இங்கதான் அவரு வளந்தாரு. அப்பா அம்மா பிரிஞ்சுட்டாங்க, அம்மா ரெண்டு பசங்கள கூட்டிட்டு இந்த ஊருக்கு வந்துட்டாங்க. மீன்காரப் பசங்களோட கடல்ல ஆட்டம். 1868ல இங்கிலீஷ் கவிஞர் ஸ்வின்பர்ன் இந்த கடல்ல முழுகிச் சாகக் கெடந்தப்ப, காப்பாத்த படகுல போனவங்களோட இவரும் போனாரு. அதுக்கு நன்றியா ஸ்வின்பர்ன் தங்கியிருந்த வீட்டுக்கு சாப்பிட கூப்ட்டாங்க, அங்க மேசையில தோலுரிச்ச காஞ்ச மனுசக் கை ஒண்ணு! பயந்து ஓடலயே இந்தாளு, பின்னால அந்த கையவே வாங்கி ரூம்ல வெச்சுகிட்டாரு, 1875ல வந்த மொத கதையே ஒரு கைய பத்திதான். அதுவும் சொந்த பேர்ல இல்ல, ஜோசப் ப்ருனியேன்னு புனைபேர்ல. ஆபிஸ்ல தெரியக்கூடாதேன்னு இருக்கும், எனக்கு அந்த பயம் நல்லாவே புரியும்.

பயம் சும்மா இல்ல. 1880 ஆரம்பத்துல அவரோட ஒரு பாட்டு ஆபாசம்னு எதாம்ப் ஊர் கோர்ட்ல கேஸ் கெளம்புச்சு. கேஸ விட வேல போயிடும்னுதான் ஆளுக்கு ஒதறல். மறுபடி ஃப்ளோபேர்தான் காப்பாத்துனாரு, பேப்பர்ல அவருக்காக கடுதாசி எழுதி, கேஸ் கைவிடப்பட்டுச்சு. அந்த மனுசன் வாத்தியாராவும் பெரிய ஆள். வருஷக்கணக்கா எழுதுனத எல்லாம் வாங்கி திருத்துனாரு, அவசரப்பட்டு வெளியிடாதேன்னுட்டாரு. வாசல்ல உக்காந்திருக்கற மளிகக்கடக்காரன எழுதுனா, வேற எந்த கடக்காரனோடயும் நான் அவன குழப்பிக்கக் கூடாதுன்னு பாடம். அந்த கொழுப்பு உருண்ட கதைய படிச்சு ரொம்ப சந்தோசப்பட்டாரு, அது வெளிவந்த கொஞ்ச நாள்லயே, 1880 மே மாசம் செத்துப்போனாரு.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. நானா இருந்தா ராஜினாமா லெட்டர ஆபிசர் மூஞ்சியில விட்டெறியற மாதிரி சினிமா ஓட்டியிருப்பேன் (வாரத்துக்கு ஒரு தடவ மனசுக்குள்ள ஓட்டறேன்). மாப்பசான் அப்படி எதுவும் செய்யல. ஒடம்பு சரியில்லன்னு லீவு போட்டாரு. லீவ நீட்டுனாரு. திரும்ப வரவே இல்ல. கத ஓடலேன்னா சீட்டு இருக்கட்டும்னு உஷாரா இருந்திருக்காரு மனுசன்! ஒடம்புக்கு நெஜமாவே முடியலங்கறது தனி விஷயம், சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய், அப்பவே கண்ணெல்லாம் பாதிக்க ஆரம்பிச்சுடுச்சு.

அதுக்கப்புறம் பத்தே வருஷம். ஏறக்குறைய 300 கதை, 6 நாவல், 3 பயணப் புத்தகம். நாவல்ல எனக்கு 1885ல வந்த பெல் அமிதான். அதுல வர்றவனும் மொதல்ல ரயில்வே ஆபிஸ் குமாஸ்தா, பொம்பளைங்கள புடிச்சுப்புடிச்சு மேல ஏறி பேப்பர் முதலாளி வீட்டு மாப்பிள்ள ஆயிடுவான், அத்தன கேடி. அந்த பேர்லயே படகு வாங்கி விட்டாரு நம்மாளு.

கத காசுல 1883ல இதே ஊர்ல வீடும் கட்டுனாரு. தேடிப்புடிச்சு போனேன், தெருவுக்கே அவரு பேருதான். ஆனா தனியார் வீடு, உள்ள போக முடியாது, கேட்டுகிட்ட நின்னு மரத்துக்கு நடுவுல மாடி தெரியுதான்னு எட்டிப் பாத்தேன், அவ்ளோதான். தாசி வீட்ட பத்தி அவரு எழுதுன ஒரு கத பேரயே வீட்டுக்கு வெக்கறேன்னு நின்னாராம், தெரிஞ்சவங்க தடுத்து, அவரோட மொத பேரு கீ, அதனால கீயோட வீடுன்னு அர்த்தம் வர்ற மாதிரி லா கியெத்னு வெச்சாங்க.

சாப்பாடு! நடுவுல சொல்ல மறந்துட்டேன். கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி சின்ன கட, மட்டி ஒரு சட்டி நெறய, வெங்காயமும் வெள்ள ஒயினும் போட்டு வேக வெச்சது, கூட உருளக்கெழங்கு ஃப்ரை, 17 யூரோ. காலியான மட்டி ஓட்டையே இடுக்கி மாதிரி வெச்சு அடுத்தத எடுத்து சாப்டணும்னு பக்கத்து மேசக்காரர் காட்டிக் குடுத்தாரு. அந்த சாறுல ரொட்டிய முக்கி முக்கி சட்டிய தொடச்சே வெச்சுட்டேன். கொஞ்சம் பச்ச மொளகா இருந்தா சொத்தையே எழுதி வெச்சிருப்பேன். சைடர்னு ஆப்பிள்ல செய்யற சரக்கு ஒரு கோப்பையும் குடிச்சேன், அதான் கடைசி பஸ்ஸ விட்டதுக்கு காரணம்னு நாத்தனார் கிட்ட சொல்லல.

மறுநாள் பாரிஸ்ல அவர பொதைச்சிருக்கற மோன்பர்னாஸ் கல்லறைக்கும் போயிட்டு வந்தேன், அதுக்கு டிக்கெட் இல்ல, புண்ணியம். 26வது பிரிவு, கல்லுல செதுக்கி விரிச்ச புத்தகம். 1892 புத்தாண்டுக்கு கழுத்த அறுத்துக்கப் பாத்தாரு, பாரிஸ்ல டாக்டர் ப்ளான்ஷோட மனநல ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்க, 1893 ஜூலை 6 செத்தாரு. 43 வயசு முடிய ஒரு மாசம் பாக்கி. எனக்கும் அடுத்த மாசம் 43. மழ வந்துடுச்சு, ரொம்ப நேரம் நிக்கல.

பஸ் டைம், ஸ்டாப்பெல்லாம் எழுதலாம்னுதான் இருந்தேன், குறிச்சு வெச்ச பேப்பர் மழையில நனஞ்சு கூழா போச்சு. ஞாயித்துக்கெழம மட்டும் போயிடாதீங்க, அவ்ளோதான் சொல்வேன்.

எத்ரத்தா போன அன்னைக்கு ராத்திரி வீடு வந்து சேர பன்னெண்டர. நாத்தனார் தூங்காம உக்காந்திருந்தா. பைய வாங்கி டிபன் பாக்ஸ தூக்கிப் பாத்தா, கனமா இருந்துச்சு. "என்னண்ணி, அப்படியே இருக்கு?"

"பஸ்ஸுல ஒரே கூட்டம்பா, எங்க தெறக்கறது"ன்னுட்டு படுக்கப் போயிட்டேன்.